வலமாகவே திரும்பிய விமானம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். விமானத்தில் ஏறியதில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு பழைய சண்டை விமான விளையாட்டைப் பற்றி, அதில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்த விளையாட்டைப் பற்றி ஃபோனில் வருகிற வீடியோக்களை நிறையப் பார்த்துவிட்டேன். பேசுகிறவர்கள் எல்லாரும் பையன்கள். அந்தக் காலத்திலேயே எப்படிச் செய்திருக்கிறார்கள் பாருங்கள் என்று புகழ்கிறார்கள். அதில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யாராவது சொல்லியிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன்.

விளையாட்டுப் பெட்டி என் மகனுடையது. அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாரோ ஆடிவிட்டுக் கொடுத்ததை அவன் அப்பா வாங்கி வந்தார். அப்போதே அது பழசு. சாம்பல் நிறம், மூடியைத் திறந்து உள்ளே சிடி வைக்க வேண்டும், முன்னால் வொயர் வைத்த, பட்டன் போட்ட கைப்பிடி. நேராக வைத்தால் சிடி சுற்றாது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும். அது ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஹாலில் இருக்கும் புது டிவியில் அதன் வொயரைச் செருக ஓட்டையே இல்லை. பின்னறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் குண்டு டிவியில்தான் அது வேலை செய்யும்.

மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, பழைய சாமான் எடுக்கிறவரிடம் போடுவதற்கு முன்னால் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அதை மாட்டினேன். சிடி உள்ளேயே இருந்தது. திரையில் விமானம் ஓடுபாதையில் நின்றது. ஏதோ பட்டனை அமுக்கினேன். அது ஓடியது, கிளம்பியது, நேராகப் போய்க் கடலில் விழுந்தது. திரும்பவும் அமுக்கினேன். பழைய சாமான்காரர் தெருவில் கத்திக்கொண்டே போய்விட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஞாபகம் இருக்காது. அதில் வானம் நன்றாக இருக்கிறது. இந்தக் காலத்து விளையாட்டுகளில் இருப்பதுபோல் நிஜ வானம் இல்லை. கட்டம் கட்டமாகத் தெரிகிற மேகம், பூச்சு பூச்சாக ஆரஞ்சு நிறத்தில் சாயங்காலம். இருந்தாலும் மேகத்துக்குள்ளே நுழைந்து மேலே வந்தால், மேலே வந்துவிட்டோம் என்றே தோன்றும். மேலே போகப் போக இஞ்சின் சத்தம் மாறுகிறது. ரத்தம் கிடையாது. எதிரி விமானம் வெடித்தால் ஒரு குடை விரியும், ஆள் இறங்கிப் போவான். அதனால் சுடும்போது எனக்கு மனசு உறுத்தியதில்லை. எல்லாவற்றையும் விட நல்லது, ஆட்டம் முடிந்ததும் நாம் பறந்ததை வெளியே இருந்து காட்டும். ஜெயித்தாலும் காட்டும், தோற்றாலும் காட்டும். கல்யாண வீடியோவில் நான் வரும் இடத்தில் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுகிறவள் நான். ஆனால் என் விமானம் சாய்ந்து திரும்புவதை முழுசாக உட்கார்ந்து பார்ப்பேன். அது முடிந்ததும் நாம் போன வழியை ஒரு வரைபடத்தில் நீலக் கோடாகவும் போட்டுக் காட்டும்.

நல்லது இவ்வளவுதான்.

கெட்டது நிறைய. முதலாவது, பட்டனைக் கீழே இழுத்தால் விமானம் மேலே போகிறது, மேலே தள்ளினால் கீழே போகிறது. நிஜ விமானமும் அப்படித்தான் என்று மகன் ஒரு தடவை சொன்னான். நிஜ விமானத்தை ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவர்கள் கஷ்டப்படட்டும். உருளை போட்ட கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருமே, அதை நினைத்து நினைத்துத்தான் எனக்குக் கை பழகியது. அதற்குள் எத்தனை விமானம் கடலில் போனது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, மலை. மலை என்றால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். எங்கள் ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தாலும் முதலில் தெரிவது மலை, அப்புறம்தான் ஊர். இந்த விளையாட்டில் எதிரே ஒன்றும் இருக்காது, வெறும் வானம். திடீரென்று மூக்குக்கு முன்னால் ஒரு மலை முளைக்கும். முளைத்ததும் நாம் அதில் இருப்போம். இதைச் செய்தவர்கள் மலையே பார்க்காத ஊரில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, துணைக்கு வருகிற விமானம். கூடவே ஒன்று பறக்கும். நாம் சொன்னால் சண்டை போடும் என்று பேர். கல்யாண வீட்டில் குறுக்கும் நெடுக்கும் வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டே இருப்பார்களே சில பேர், கடைசியில் பார்த்தால் ஒரு இலைகூடப் போட்டிருக்க மாட்டார்கள், அந்த ஜாதி. அதோடு ஒரு இங்கிலீஷ் குரல், மிசைல், மிசைல் என்று கத்தும். எப்போது? அடி விழுந்த பிறகு.

இருந்தும் ஆடினேன். வீட்டு வேலை முடிந்து, வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் கம்மி பண்ணிக்கொண்டு. விளையாட்டில் விமானிக்குப் பெயர் கேட்கும். மகன் சின்ன வயதில் அடித்து வைத்த பெயர் அப்படியே இருந்தது. மாற்றத் தெரியாததால் அவன் பெயரிலேயே பறந்தேன். முதல் ஆட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி, மாதக்கணக்கில் ஆடி, கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு என்ன வரும் என்பதை வீடியோவில் பார்த்திருக்கலாம். அந்த இடம் வரும்போது ஃபோனை அணைத்துவிடுவேன். அதை நானே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வாழ்க்கையில் எனக்கு இப்படிப் பிடிவாதம் பிடித்த விஷயம் ஜாஸ்தி கிடையாது.

அப்போதுதான் மகன் ஃபோன் பண்ணினான்.

"அம்மா, அந்தப் பழைய கேம் பெட்டி இன்னும் இருக்குதா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்குது. ஏன்?"

"இங்க வேலை செய்ற எடத்துல ஒரு அண்ணன் பழசெல்லாம் சேத்து வெக்கிறாரு. அவருக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். பௌர்ணமி கும்பல் கலைஞ்சதும் ஞாயித்துக்கெழமை அவரே வந்து எடுத்துக்கினு போவாரு. உனக்கும் வூட்டுல எடம் மிச்சம்."

"சரிப்பா" என்றேன்.

சொல்லிவிட்டு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஏன் என்று கேட்பான். ஐம்பதை நெருங்குகிற அம்மா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ப்ளேன் ஓட்டுகிறாள் என்று எப்படிச் சொல்வது? அவன் சொன்னால், அவனோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவது. முடித்துவிட்டால் யார் வந்து எடுத்துக்கொண்டு போனாலும் எனக்கு என்ன?

அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். நடுக்கடலில் ஒரு பாறை. பெரிய பாறை, மேகத்துக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி ஒரே ஒரு எதிரி விமானம் பறந்துகொண்டே இருக்கும். ஒன்றுதானே என்று நினைப்போம். அது நம்மை விட வேகம். நாம் அதன் பின்னால் போவோம், அது பாறைக்குப் பின்னால் மறையும். நாமும் சுற்றுவோம், வால் மட்டும் தெரியும், குறி வைப்பதற்குள் திரும்பவும் மறையும். சுற்றிச் சுற்றி நேரம் முடிந்துவிடும். தோல்வி என்று இங்கிலீஷில் எழுதி, சோகமாக ஒரு மேளம் அடிக்கும். அந்த மேளத்தைப் போட்டவர் மட்டும் என் கையில் கிடைத்தால்!

பௌர்ணமியன்று வழக்கம்போல் விடியற்காலையிலேயே மலை சுற்றக் கிளம்பினோம், நானும் வீட்டுக்காரரும். அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றபோது, "இன்னா, முட்டி வலிக்குதா? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். வழி நெடுக எனக்கு அந்தப் பாறைதான். விமானத்தை மாற்றிப் பார்க்கலாமா, இன்னும் தாழ்ந்து போய்ப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வருஷக்கணக்காக நடக்கிற வழி, கால் அது பாட்டுக்குப் போகும், யோசிக்க வசதி.

மறுநாளே மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை. அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று சீக்கிரம் வந்துவிட்டார். டவுனில் கரண்ட் இருந்தது, என் துரதிர்ஷ்டம். வண்டிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, விமானச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"இன்னாம்மா, நம்ம வூட்டுக்குள்ள ப்ளேன் போவுது?"

"சும்மா... வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"வேலை செய்யுது, நல்லாத் தெரியுது. யாரு சுட்டுக்கினு இருக்கறது, நீயா?"

"ஆமா."

"யாரு கூட சண்டை?"

"தெரியலைங்க. செவப்புப் புள்ளியெல்லாம் எதிரி."

"காரணமே தெரியாம சுடறியா? அப்ப என்கூட போடற சண்டை எவ்ளோ தேவலாம். அதுல ஒரு நியாயமாவது இருக்கும்."

கிண்டல் பண்ணிவிட்டுப் போவார் என்று பார்த்தால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அதை விட மோசம். "மேல, மேல தூக்கு" என்பார். அவர் மேலே என்று சொன்னதும் என் விரல் மேலே தள்ளும், விமானம் கீழே போகும். "மேலன்னா கீழ போறியே!" என்று கத்துவார். "மேல போவணும்னா கீழ இழுக்கணும்ங்க!" என்று நானும் கத்துவேன். "அப்ப கீழன்னு சொல்லவா?" "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்!" அடுப்பில் ரசம் சுண்டிக் கருகிவிட்டது. அதைச் சாப்பிட்டுவிட்டு, "ரசத்துக்கும் ஒரு மிசைல் வுட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார். பையனிடம் சொல்லாதீர்கள் என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். "எனக்கு இன்னா வந்துச்சு" என்றார். அது சொல்ல மாட்டேன் என்று அர்த்தமா, சொல்வேன் என்று அர்த்தமா, அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றி எனக்குக் கட்டை விரல் தோல் வழன்றுவிட்டது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஆடினேன். விமானத்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. தாழ்ந்து போனேன், கடலில் விழுந்தேன். உயரத்திலிருந்து பாய்ந்தேன், பாறை முளைத்து மேலே மோதியது. ஒரு தடவை கைப்பிடியைத் தலையணை மேல் வீசி எறிந்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி. மிக்சி ஜாரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கதவு திறந்திருக்கவே பின்னறை வரை வந்துவிட்டாள். அவர்கள் குடும்பம் எங்களுக்கும் முன்னாலிருந்து இந்த ஊரில் இருக்கிற முஸ்லிம் குடும்பம். பஜாரில் வளையல் கடை. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். என்னை விட இளையவள், வாய் மட்டும் என்னைப் போல் பத்து மடங்கு.

"அக்கா! டிவி சண்டை போட்டுச்சா, தலகாணி சண்டை போட்டுச்சா?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை. உட்கார வைத்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது என்பதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க, ஆடிக் காட்டு" என்றாள். ஆடினேன், தோற்றேன். மேளம் அடித்தது. வரைபடத்தில் என் நீலக் கோடு வந்தது. பாறையைச் சுற்றி வட்டம் வட்டமாக, கோலத்தில் ஒரே இழையைத் திரும்பத் திரும்பப் போட்டதுபோல்.

"இன்னொரு வாட்டி ஆடு" என்றாள். ஆடினேன். அதே வட்டம்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. அந்தப் பாறைய ஏன் எப்பப் பாத்தாலும் சோத்தாங்கைப் பக்கமே வெச்சிக்கினு சுத்தற?"

"வேற எப்படி சுத்தறது?"

கேட்டுவிட்டு நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... அது மலை இல்லக்கா. டிவிக்கா. நீ இன்னாக்கா, கற்பூரம் கொளுத்தாத கொறையா வலம் வந்துக்கினு இருக்கற!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரமாக வந்தது. வாரம் பூராவும் நான் விமானத்தை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன். எந்தப் பக்கம் திரும்புவது என்பது மாற்றக்கூடிய ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாறை என்று ஒன்று நடுவில் நின்றால் அதை வலது பக்கம் வைத்துத்தான் போக வேண்டும் என்று கட்டை விரலே முடிவு பண்ணிவிட்டிருக்கிறது. எதிரியும் அதே பக்கமாகச் சுற்றுகிறான், என்னை விட வேகமாக. ஜென்மத்துக்கும் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"அந்தப் பக்கமா திரும்பிப் போ. அவன் நேரா மூஞ்சிக்கு எதிர்ல வருவான் இல்ல" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நாங்க போன வருஷம் உம்ராவுக்குப் போனோம் இல்ல, அங்க அல்லாவோட வீட்ட இடது பக்கமா வெச்சுத்தான் சுத்தணும். எனக்கு மொத சுத்துல ஒரு மாதிரியா இருந்துச்சுக்கா. இங்க கடையில உக்காந்து ஜனங்க ஒரே பக்கமா போறதையே பாத்துப் பாத்து வளந்த கண்ணு, பாரு" என்றாள். சொன்ன உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அல்லா மன்னிக்கணும், எதோட எதைச் சேத்துப் பேசறேன். நீ ஆடுக்கா."

தெரிந்துவிட்டது, ஆனால் கை கேட்க வேண்டுமே. இடது பக்கம் திருப்பினேன். பாதி வழியில் விரல் தானாக வலது பக்கம் நழுவியது. திரும்பவும் திருப்பினேன், பாறை இடது பக்கம் வந்து நின்றதும் தெருவில் எதிர்த் திசையில் வண்டி ஓட்டுவதுபோல இருந்தது. "அக்கா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று என் இடது தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டைத் திருப்புவது மாதிரி. தோற்றேன். திரும்பத் தோற்றேன். அதற்கு அடுத்த தடவை, பாறை ஓரத்திலிருந்து ஒரு புள்ளி வந்தது. புள்ளி பெரிதானது, இறக்கை தெரிந்தது, நேராக என்னைப் பார்த்து வந்தது. குறி விழுந்ததற்கு அடையாளமாக, கூ என்று நீளமாக ஒரு சத்தம். பட்டனை அமுக்கினேன்.

வெடித்தது. குடை விரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. நான் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முடிந்தது, இனி அந்தக் கடைசியைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தால், விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. திரையில் ஏதோ எழுத்து. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். "கப்பல்ல எறங்கச் சொல்றாங்கக்கா."

எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை ஒரு தடவைகூட இறங்கு என்று இந்த விளையாட்டு சொன்னதில்லை. கிளம்புவதும் சுடுவதும்தான் வேலை. பாடத்தில் நடத்தவே நடத்தாததைக் கடைசிப் பரீட்சையில் கேட்டால் அதற்கு என்ன பெயர்? கடலில் ஒரு துண்டுச் சீட்டு மாதிரி கப்பல். அதன் மேல் இறங்க வேண்டும். நேராகப் போய்ப் பின்பக்கத்தில் மோதினேன். மேளம் அடித்தது. அதோடு போகவில்லை. பாறையிலிருந்து திரும்பவும் ஆரம்பி என்கிறது. அவனைச் சுட்டு வீழ்த்தியது கணக்கிலேயே இல்லை.

"அக்கா, எனக்கு அடுப்புல பால்" என்று பக்கத்து வீட்டுக்காரி எழுந்து ஓடிவிட்டாள். அவள் வீட்டில் அந்த நேரத்தில் பால் வைப்பதில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் ஓடியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க அதேதான். பாறை இப்போது பழகிவிட்டது, இடது பக்கமாகப் போய் அவனை வீழ்த்திவிடுகிறேன். கப்பல்தான் வரவில்லை. வேகத்தைக் கம்மி பண்ணினால் கல் மாதிரி விழுகிறது. ஜாஸ்தி பண்ணினால் கப்பலைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறதாம், வேறொரு விமான விளையாட்டைப் பற்றிய வீடியோவில் ஒரு பையன் சொன்னான். அந்த வேகத்தில் போனால் கப்பல் திடீரென்று கொஞ்சம் நகர்கிறது. மதியம் சோறு மட்டும் வடித்தேன். வீட்டுக்காரர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். கிண்டல் பண்ணாமல் சாப்பிட்டார் என்பதிலிருந்தே என் நிலைமை தெரிந்தது.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு மகன் ஃபோன் வந்தது.

"அம்மா, நாளைக்குக் காலையில பத்து மணி போல வருவாரு. வொயர், சிடி எல்லாம் சேத்து ஒரு பையில போட்டு வை."

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா? கேக்குதா?"

"குடுக்க வேணாம்டா."

"இன்னா?"

"குடுக்க வேணாம். அத நான் ஆடறேன்."

"யாரு ஆடறா?"

"நான்தான்டா. நான்தான் ஆடறேன்."

பின்னாலிருந்து வீட்டுக்காரர், "டேய், உங்கம்மா பைலட்டுடா! ஒரு வாரமா எனக்கு ஊறுகா சோறு!" என்று கத்தினார். ஃபோனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பயந்ததே அந்தச் சிரிப்புக்குத்தான்.

"சிரிக்காத. வெச்சிடுவேன்."

"இல்லம்மா, சிரிக்கல. வெச்சிடாத. எதுல இருக்கற?"

"கடைசில. கப்பல்ல எறங்கற எடத்துல."

"கப்பலா? அப்ப பாறையைத் தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

"எப்படிம்மா? நான் ஸ்கூல் முடிக்கற வரைக்கும் அந்தப் பாறையைத் தாண்டல. அதுக்கப்புறம் கப்பல் இருக்குன்றதே எனக்குத் தெரியாது."

"எதிர்ப்பக்கமா சுத்தணும். நீயும் வலமாவே போயிருப்ப."

"அட ச்சே" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "சரிம்மா, ஆனா அந்த அண்ணனுக்கு வாக்கு குடுத்துட்டேனே. அவரு கெளம்பறதுக்கு எல்லாம் ரெடி பண்ணிக்கினாரு. இப்பப் போய் இல்லன்னா எப்படி? உனக்கு வேணும்னா வேற ஒண்ணு, புதுசா வாங்கித் தரேன்" என்றான்.

"புதுசுல இந்தக் கப்பல் இருக்குமா?"

"அது... இது இருக்காது."

"அப்ப எனக்கு வேணாம். குடுக்கறேன்னு நீ சொன்னது என்னைக் கேக்காமதான சொன்ன. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அப்படி வந்துவிட்டது. அவனிடம் இந்தக் குரலில் நான் பேசியதில்லை. பின்னால் வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"பாக்கறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பார்க்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் சரி என்றும் அர்த்தம், முடியாது என்றும் அர்த்தம். திரும்ப ஃபோன் பண்ணி எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இருந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஒருவேளை அந்த ஆள் வந்து வாசலில் நின்றால் பிள்ளைக்கு மானக்கேடாகக் கூடாது என்று வொயரைக் கழற்றிச் சுருட்டி, சிடியைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு நாற்காலியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. மகன் ஃபோனும் பண்ணவில்லை. அந்தப் பார்க்கிறேனுக்குச் சரி என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பையைப் பிரித்து வொயரை மாட்டி ஆடினேன். பாறையைத் தாண்டினேன், கப்பலில் மோதினேன்.